"ரீச் இல்லைங்க": சிறு கடைகளின் சமூக ஊடகக் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

சமூக ஊடகத்தில் வியாபாரம் எப்படிப் போகிறது என்று எந்தச் சிறு கடைக்காரரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ரீச் இல்லைங்க." பதிவு நிறைய பேரைப் போய்ச்சேரவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு புகாருக்குள் பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் ரீச்சுக்கும் சம்பந்தமே கிடையாது. வாடிக்கையாளர் வந்து பார்த்திருப்பார், விலை தெரியாததால் போயிருப்பார். மெசேஜ் அனுப்பியிருப்பார், அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அதனால் கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஒரு எளிய சோதனை போதும். உங்கள் கடைப் பக்கத்தைப் பின்தொடராத ஒருவரின் போனைக் கேட்டு வாங்குங்கள். மூன்று வேலைகளை அவரையே செய்யச் சொல்லுங்கள்: கடைப் பெயரைத் தேட வேண்டும், ஏதாவது ஒரு பொருளின் விலையைக் கண்டுபிடிக்க வேண்டும், வாங்க விரும்புவதாக ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே திணறுகிறாரோ, கீழே அந்த அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம்.

"பெயரைப் போட்டாலும் நம்ம கடை வரலை"

இன்ஸ்டாகிராமில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று பயனர் பெயர், இன்னொன்று புரொஃபைலில் தடித்த எழுத்தில் தெரிகிற பெயர். தேடலில் இரண்டும் கணக்கில் வரும். பலர் பயனர் பெயரில் புள்ளி, அடிக்கோடு, பிறந்த வருடம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டு, இரண்டாவது பெயரில் மறுபடியும் கடைப் பெயரையே எழுதுகிறார்கள். அந்த இடத்தில் கடைப் பெயரோடு என்ன விற்கிறீர்கள், எந்த ஊர் என்பதையும் சேருங்கள்: "… சுங்குடிப் புடவைகள், மதுரை" என்பது போல. 14 நாளுக்குள் இரண்டு முறைதான் இந்தப் பெயரை மாற்ற முடியும், அதனால் யோசித்து மாற்றுங்கள். கணக்கு பிரைவேட்டாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டில் பயன்படுத்திய பழைய கணக்கையே கடைக்கு மாற்றியவர்களிடம் இதை அடிக்கடி காணலாம்.

கூகுள் மேப்பில் உள்ள கடை புரொஃபைலில் இதே வேலையைச் செய்யக்கூடாது. அங்கே பலகையில் உள்ள பெயரை மட்டும்தான் போட வேண்டும். "சிறந்த மலிவான டெய்லர் திண்டுக்கல்" என்று பெயரிலேயே திணித்தால் விதிமீறலாகி புரொஃபைல் முடக்கப்படலாம். ஊரும் தொழிலும் தேடலில் வர வேண்டுமென்றால் முதன்மை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். "கடை" என்று பொதுவாக விடாமல் "புடவைக் கடை", "தையல் கடை" என்று குறிப்பாக இருக்கட்டும்.

கடை உங்களுடையதுதானா என்ற சரிபார்ப்புக்கு இப்போது கூகுள் பெரும்பாலும் வீடியோ கேட்கிறது. தெருவும் பக்கத்துக் கடைகளும் தெரிய ஆரம்பித்து, பெயர்ப்பலகையைக் காட்டி, ஷட்டரையோ கல்லாவையோ நீங்களே திறப்பதுவரை ஒரே ஓட்டமாக எடுங்கள். வெட்டி ஒட்டிய வீடியோ செல்லாது. வீட்டிலிருந்து தொழில் செய்து, வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கு நீங்களே போகிறீர்கள் என்றால் முகவரியை மறைத்துவிட்டு சேவைப் பகுதியை மட்டும் காட்டலாம். வாடிக்கையாளரை நேரில் சந்திக்காமல் ஆன்லைனில் மட்டுமே விற்பவர்களுக்கு இந்த புரொஃபைல் கிடையாது. அதற்காக அலைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

"வியூஸ் ஆயிரக்கணக்குல வருது, ஆர்டர் ஒண்ணுகூட இல்லை"

இதுதான் மிகவும் ஏமாற்றும் அறிகுறி. எண்ணிக்கை ஏறும்போது எல்லாம் சரியாக நடப்பதுபோலத் தோன்றும். மாதக் கடைசியில் கல்லாவைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

முதலில் இன்ஸ்டாகிராமின் புள்ளிவிவரப் பகுதியான இன்சைட்ஸைத் திறந்து, பார்த்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று பாருங்கள். (இது தெரிய பிசினஸ் அல்லது கிரியேட்டர் கணக்காக இருக்க வேண்டும், மாற்றுவது இலவசம்.) திண்டுக்கல்லில் பிரியாணி விற்கிறவரின் ரீலை டெல்லியிலும் பாட்னாவிலும் பார்த்துப் பயன் என்ன? டிரெண்டிங் இந்திப் பாட்டைப் போட்டு, பேச்சே இல்லாமல், ஊர்ப் பெயரும் இல்லாமல் வெளியிடும் ரீல்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கதி. முதல் மூன்று நொடிக்குள் தமிழில் ஒரு வரி பேசுங்கள், ஊர்ப் பெயரைத் திரையில் எழுதுங்கள், லொகேஷன் சேருங்கள். வியூஸ் குறையும். குறையட்டும், மிஞ்சுகிறவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள்.

ஊரும் சரியாக இருக்கிறது என்றால் அடுத்து, ஆள் எந்தப் படியில் இறங்கிப் போகிறார் என்று பாருங்கள். ரீலைப் பார்த்தவர், புரொஃபைலுக்கு வந்தவர், பட்டனையோ இணைப்பையோ தொட்டவர், மெசேஜ் அனுப்பியவர், பணம் கட்டியவர் என ஐந்து படிகள் உண்டு. முதல் மூன்று எண்கள் இன்சைட்ஸில் கிடைக்கும், கடைசி இரண்டையும் நீங்கள் நோட்டில் எழுத வேண்டும்.

ரீலைப் பார்க்கிறார்கள், புரொஃபைலுக்கு வருவதில்லை என்றால் வீடியோவில் வேறு எதுவோ ரசிக்கப்படுகிறது என்று பொருள். கடையில் நடக்கும் கலாட்டா, குழந்தையின் மழலை, உங்கள் ஜோக், எதுவாகவும் இருக்கலாம். பொருள் அதில் ஓரமாகக் கிடக்கிறது. பொருளைக் கையில் எடுத்துக் காட்டுங்கள்.

புரொஃபைலுக்கு வந்து திரும்பிப் போகிறார்கள் என்றால் பெயருக்குக் கீழே இருக்கும் 150 எழுத்து அறிமுகமான பயோவைப் பாருங்கள். "தரமே எங்கள் தாரக மந்திரம்" போன்ற வாசகங்கள் அதில் பாதியைத் தின்றிருக்கும். என்ன பொருள், எந்த ஊர், வெளியூருக்கு அனுப்புவீர்களா, எப்படி ஆர்டர் செய்வது ஆகிய நான்குக்கும் பதில் இருந்தால் போதும். வாட்ஸ்அப் எண்ணை எழுத்தாகப் போட்டால் அதை மனப்பாடம் செய்து வேறு செயலியில் தட்ட வேண்டும், யாரும் செய்யமாட்டார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் பிசினஸ் டூல்ஸ் பகுதியில் ஒரு குறு இணைப்பு கிடைக்கும். அதை பயோவில் ஒட்டிவிட்டால் ஒரே தட்டில் உரையாடல் திறந்துவிடும்.

அப்புறம் விலை. "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதுவதற்குக் கடைக்காரர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள்: போட்டியாளருக்குத் தெரிந்துவிடும், மெசேஜ் வந்தால் ரீச் ஏறும். போட்டியாளர் தங்கையின் கணக்கிலிருந்து எப்போதோ கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். விலையை ஒளித்தால் விலகுகிறவர், கேட்கக் கூச்சப்படும் நல்ல வாடிக்கையாளர்தான். ஆயிரம் ரூபாய்க்குள் புடவை தேடும் ஒருவர், "கேட்டுவிட்டு வாங்காமல் போனால் தப்பாக நினைப்பார்களோ" என்று நினைத்துக் கேட்காமலே போய்விடுவார். என்னைக் கேட்டால் விலையைத் திரையிலேயே போட்டுவிடுங்கள். எடைக்கும் அளவுக்கும் ஏற்ப மாறும் பொருள் என்றால் "ரூ.650 முதல்" என்றாவது போடுங்கள். தினமும் மாறும் தங்கத்துக்கும் பூவுக்கும் மட்டும் இதில் விலக்குத் தரலாம்.

விலையும் இருக்கிறது, இன்னும் ஆர்டர் இல்லை என்றால் பொருளைப் பற்றிய சந்தேகம் தீரவில்லை என்று பொருள். புடவை என்றால் டியூப் லைட்டில் எடுத்த படத்தை யாரும் நம்புவதில்லை. ஜன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சத்தில் முந்தியையும் பார்டரையும் விரித்துக் காட்டி, ரவிக்கைத் துணி உண்டா, சாயம் போகுமா, எத்தனை மீட்டர் என்று வாயால் சொல்லுங்கள். முறுக்கு, மிட்டாய் என்றால் எந்த எண்ணெய், எத்தனை நாள் கெடாது, கூரியரில் உடையாமல் போய்ச் சேருமா என்பவைதான் கேள்விகள். பேக்கிங் செய்வதையே வீடியோவாக எடுங்கள். பார்க்க ஒன்றுமில்லாத வீடியோ என்று தோன்றும், ஆனால் கடைசிச் சந்தேகத்தைத் தீர்ப்பது அதுதான்.

"எவ்வளவு போட்டாலும் இருநூறு வியூஸைத் தாண்டலை"

உடனே "ஷேடோபேன் ஆயிருச்சு" (நம் பதிவுகளை இன்ஸ்டாகிராம் சொல்லாமலே மறைக்கிறது) என்று முடிவு கட்டாதீர்கள். இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் அக்கவுண்ட் ஸ்டேட்டஸ் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் பதிவுகள் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுமா, ஏதாவது விதிமீறல் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே எழுதியிருக்கும். அது பச்சையாக இருந்தால் தடை எதுவும் இல்லை, பதிவில்தான் விஷயம்.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் மூன்று அளவுகோல்களை வெளிப்படையாகச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். புதிய ஆட்களிடம் போய்ச்சேர மூன்றாவதுதான் கூடுதலாக உதவும். இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கடைசிப் பத்துப் பதிவுகளைப் பாருங்கள். அதில் எத்தனை பண்டிகை வாழ்த்துப் போஸ்டர்கள்? பிள்ளையார் படமும் கீழே கடை லோகோவும் போன் நம்பரும் கொண்ட அந்த டெம்ப்ளேட்டை யாராவது தன் அக்காவுக்கு அனுப்புவாரா? வாழ்த்து சொல்ல ஆசை என்றால் ஸ்டோரியில் போடுங்கள், நாளைக்கு மறைந்துவிடும். "சுங்குடியை முதல் தடவை எப்படித் துவைப்பது", "ஐம்பது பேர் வளைகாப்புக்கு முறுக்கு எத்தனை கிலோ" போன்றவைதான் குடும்பக் குழுக்களுக்குள் போகும்.

இன்னும் இரண்டைச் சோதியுங்கள். வேறு செயலியின் வாட்டர்மார்க் தெரியும் வீடியோவையும், மற்றவர்களின் வீடியோவை எடுத்து மறுபடி போடுவதையும் இன்ஸ்டாகிராம் பரிந்துரைப்பதில்லை. மொத்த வியாபாரி அனுப்பிய வீடியோவை அப்படியே போடும் துணிக்கடைகள் பல. அதே வீடியோ நாற்பது கணக்குகளில் இருக்கும். உங்கள் கடை மேசையில் வைத்து நீங்களே மறுபடி எடுங்கள். ஹேஷ்டேகுகளில் மந்திரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஹேஷ்டேகைப் பின்தொடரும் வசதியையே 2024 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். பொருளையும் ஊரையும் சொல்லும் மூன்று நான்கு போதும்.

பிசினஸ் கணக்குக்கு மாறியதும் சினிமாப் பாட்டுகள் காணாமல் போவது கோளாறு இல்லை, உரிமம் அப்படி. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதியுள்ள இசை மட்டும்தான் அங்கே வரும். திரையைப் பதிவு செய்து பாட்டைப் புகுத்தினால் ஒருநாள் ஒலி நிறுத்தப்படும். உங்கள் குரலே போதும்.

"பூஸ்ட் போட்டேன், காசு போனதுதான் மிச்சம்"

காசு கொடுத்து ஒரு பதிவை அதிகம் பேருக்குக் காட்டுவதுதான் பூஸ்ட். அந்தப் பட்டனை அழுத்தியதும் என்ன வேண்டும் என்று கேட்கும். புரொஃபைல் பார்வை என்று தேர்ந்தெடுத்தால் பார்த்துவிட்டுப் போகிறவர்களைத்தான் தேடிக் கொண்டுவரும், அதன் வேலை அது. ஆர்டர் வேண்டுமானால் மெசேஜ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடத்தை "இந்தியா" என்று விடாதீர்கள். கடைக்கு நேரில் வர வேண்டிய தொழில் என்றால் ஊரைச் சுற்றிச் சில கிலோமீட்டர்தான் கணக்கு.

ஓடாத பதிவைத் தள்ளிவிடுவதற்குத்தான் பூஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். காசு கொடுக்காமலே நாலு பேர் விலை கேட்ட பதிவுக்குப் போடுங்கள். காசு கொடுக்காதபோது யாரும் கேட்காத பதிவு, கொடுத்த பிறகும் பெரும்பாலும் கேட்கப்படாது.

செலவுக் கணக்கில் ஒரு விஷயம். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஜி.எஸ்.டி. எண் வைத்திருப்பவர்கள் அதை விளம்பரக் கணக்கின் பில்லிங் பகுதியில் சேர்த்துவிட்டால் உள்ளீட்டு வரியாக, தாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யிலிருந்து கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. ஐபோன் செயலிக்குள்ளிருந்து பூஸ்ட் போட்டால் ஆப்பிளின் கட்டணமும் சேரும், பிரவுசர் வழியாகப் போடுங்கள்.

"ஐந்தாயிரம் ஃபாலோயர் ஐநூறு ரூபாய்" என்று வருகிறவர்களை உள்ளே விடாதீர்கள். அந்த ஐந்தாயிரம் பேரும் உங்கள் பதிவைத் தொடமாட்டார்கள். உங்களைப் பின்தொடர்பவர்களே கண்டுகொள்ளாத பதிவு அடுத்தவர்களுக்குப் போவதும் கடினமாகும்.

"விலை கேக்குறாங்க, அப்புறம் ஆளையே காணோம்"

மெசேஜ் வந்த நேரத்தையும் நீங்கள் பதில் போட்ட நேரத்தையும் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கேட்டவருக்கு மறுநாள் மதியம் பதில் போனால், அதற்குள் அவர் இன்னும் மூன்று கடைகளைக் கேட்டிருப்பார். வாட்ஸ்அப் பிசினஸில் இதற்கு மூன்று கருவிகள் இருக்கின்றன. கடை மூடிய நேரத்துக்கு அவே மெசேஜ்: "காலை 10 மணிக்குப் பதில் சொல்கிறோம்" என்று நேரத்தோடு எழுதுங்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு, முன்பே எழுதி வைத்த பதிலான குயிக் ரிப்ளை. பொருள், படம், விலையோடு கேட்டலாக். அதில் 500 பொருள்வரை ஏற்றலாம். வந்தவர்களை "விலை கேட்டவர்", "பணம் வரவில்லை", "அனுப்பியாயிற்று" என்று லேபிள் போட்டுப் பிரியுங்கள். இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு முறை "அந்த நீலம் இன்னும் இருக்கு, எடுத்து வைக்கவா?" என்று கேட்கலாம். தினமும் கேட்டால் பிளாக் செய்வார்கள்.

பதிலின் தோரணையும் முக்கியம். "விலை என்ன?" என்றதற்கு "650" என்று மட்டும் போட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். "650 ரூபாய்ங்க, கூரியர் தனி. எந்த ஊருக்கு அனுப்பணும்?" என்றால் அடுத்த வரி அவரிடமிருந்து வரும்.

மெசேஜே வருவதில்லை என்கிறவர்கள் இன்ஸ்டாகிராமில் ரிக்வெஸ்ட்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் பின்தொடராதவர்கள் அனுப்புவது அங்கே போய் உட்கார்ந்துவிடும். அதற்குள்ளே மறைக்கப்பட்ட ரிக்வெஸ்ட் என்று இன்னொரு அறையும் உண்டு. வளைகாப்புக்கு நாற்பது புடவை கேட்டவர் மூன்று மாதமாக அங்கே காத்திருக்கலாம்.

"பிராட்காஸ்ட் போட்டா பாதிப் பேருக்குப் போகலை"

வாட்ஸ்அப்பில் ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புவதுதான் பிராட்காஸ்ட். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் அது போய்ச்சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். அதனால் பில்லிலும் பார்சல் மேலும் "இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள், புது வரவு அனுப்புகிறோம்" என்று அச்சிட்டுவிடுங்கள். கிடைத்த எண்களுக்கெல்லாம் அனுப்பித் தள்ளும் வேலை வேண்டாம். நிறைய பேர் புகார் செய்தால் எண்ணே தடை செய்யப்படும். ஆர்டர் வருகிற எண்ணும் அதுதானே?

"ஒரு ஸ்டார் குடுத்துட்டாங்க"

கூகுள் விமர்சனத்தை நீங்கள் நீக்க முடியாது. ஆபாசம், சம்பந்தமில்லாதது, போட்டியாளர் போட்டது என்றால் புகார் செய்யலாம், மற்றபடி பதில்தான். அன்றே எழுதாதீர்கள், கோபம் தெரியும். அடுத்த நாள் மூன்று வரியில் என்ன நடந்தது, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிக்கப்போவது விமர்சனம் எழுதியவர் இல்லை, அடுத்து கடை தேடுகிறவர். "ஐந்து ஸ்டார் போட்டால் தள்ளுபடி" என்பது கூகுள் விதிப்படி தவறு. "வந்ததைப் பற்றி எழுதுங்க" என்று கேட்பது தவறில்லை.

"விளம்பரத்தை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க"

மூலிகை எண்ணெய், சத்துமாவு, சோப்பு விற்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். "முன்–பின்" படங்களும், எடை குறையும் என்ற வாக்குறுதியும் இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவின் விளம்பர விதிகளில் மாட்டும். "சர்க்கரை நோய் குணமாகும்" என்பது அதைவிடப் பெரிய வம்பு. அப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டமே தடுக்கிறது. என்னென்ன சேர்த்தீர்கள், எப்படி அரைத்தீர்கள் என்று காட்டுங்கள், நோயின் பெயரைத் தொடாதீர்கள். உணவு விற்பவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண்ணை பேக்கிலும் புரொஃபைலிலும் போட்டால் விதிக்கும் ஆயிற்று, நம்பிக்கைக்கும் ஆயிற்று.

"பேஜை டெலீட் பண்ணப் போறதா மெசேஜ் வந்திருக்கு"

"காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும், இங்கே முறையிடவும்" என்று மெட்டா சப்போர்ட் பெயரில் வரும். தொடாதீர்கள். உண்மையான எச்சரிக்கை அக்கவுண்ட் ஸ்டேட்டஸில் இருக்கும், இன்பாக்ஸில் வராது. ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே மாற்றுங்கள், மற்ற கருவிகளிலிருந்து வெளியேறுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

விற்பவரை ஏமாற்றும் இன்னொரு வகை உண்டு. "ஆர்மியில் இருக்கிறேன், மொத்தமாக வேண்டும், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும்" என்பார்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் (PIN) தேவையே இல்லை. அந்த ரகசிய எண்ணைக் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று பொருள். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து பார்சல் கட்டாதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கைப் பாருங்கள்.

திருடர் யாரும் வராமலேயும் பக்கம் கைவிட்டுப் போகும். பேஜை ஆரம்பித்துக் கொடுத்தது அக்கா மகன், அவன் இப்போது பெங்களூரில். பாஸ்வேர்டு மாற்றும் குறியீடு அவன் பழைய சிம்முக்குப் போகிறது. அல்லது டிசைன் செய்து தந்தவர் பெயரில்தான் விளம்பரக் கணக்கே இருக்கிறது. கணக்கின் போன் எண், மின்னஞ்சல் இரண்டும் கடை முதலாளியின் பெயரில் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு பேஜில் தனி அனுமதி கொடுத்தால் போதும், பாஸ்வேர்டு தேவையில்லை.

இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்த 2020 ஜூன் 29 இரவோடு, அதில் மட்டுமே கூட்டம் சேர்த்திருந்தவர்களுக்கு எல்லாம் போயிற்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றன. அதனால் வாங்கியவர் பெயர், போன் எண், ஊர், என்ன வாங்கினார் என்று நான்கு பத்திகளில் எக்செல்லிலோ நீள நோட்டிலோ எழுதி வையுங்கள், மாதம் ஒரு முறை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுக் குறித்துக்கொள்வது மரியாதை.